பப்ளிக் ஹெல்த் பட்டத்துக்கு எவ்வளவு செலவு செய்யலாம்? மகளுக்காகக் கலிபோர்னியாவில் கல்லூரி தேடிய அனுபவம்

பப்ளிக் ஹெல்த், அதாவது பொதுச் சுகாதார, இளங்கலைப் பட்டத்துக்காகப் பெரிய கடன் வாங்காதீர்கள். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் ஏன் வாங்கக்கூடாது என்பதும், கடன் இல்லாமல் நல்ல இடத்தில் படிக்க நாங்கள் போன வழியும்தான். நாங்கள் இருப்பது கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட். வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்குத் தொகையும் பெயர்களும் மாறும், ஆனால் தேடும் முறை பெரும்பாலும் இதேதான்.

மகள் 2022-ல் பள்ளி முடித்தாள். இந்தப் படிப்பின் மேல் ஆசை வந்தது கொரோனா சமயத்தில். 2020 மார்ச் 16 அன்று சான் பிரான்சிஸ்கோவும் சுற்றுப்புறமுமான பே ஏரியாவின் ஆறு கவுண்டிகள் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சேர்ந்து, நாட்டிலேயே முதலாவதாக, எல்லோரும் வீட்டிலேயே இருங்கள் என்று உத்தரவு போட்டன. கவுண்டிக்கு ஒரு சுகாதார அதிகாரி உண்டு, கடை கண்ணியை எல்லாம் மூடச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது என்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது. சாண்டா கிளாரா கவுண்டியின் சுகாதார அதிகாரி சாரா கோடி டிவியில் வந்தால் பத்தாம் வகுப்புப் பெண் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள். அது போதாதா.

சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "அப்போ டாக்டருக்குப் படிக்கலையா?" அவர்களுக்கு விளக்கி விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம். புரிந்துகொண்ட ஒரே ஆள் என் சித்தப்பா. தஞ்சாவூர்ப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹெல்த் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போட்டதும் வீடு வீடாகப் போய்த் தொட்டியில் கொசுப்புழு பார்த்ததும்தான் அவர் உத்தியோகம். "நம்ம மெட்ராஸ் மாகாணத்துல 1939-லேயே பொதுச் சுகாதாரத்துக்குத் தனிச் சட்டம் வந்தாச்சும்மா, நல்ல படிப்புதான், சேத்து விடு" என்றார். அவர் சொன்ன பிறகுதான் என் வீட்டுக்காரர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

சரி, பணத்துக்கு வருவோம். எந்தப் படிப்புக்கும் விலை பேசுவதற்கு முன் அது என்ன சம்பளம் தரும் என்று பார்க்க வேண்டும், நம் ஆட்கள் கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு இதைச் சரியாகச் செய்வார்கள், மற்ற படிப்பு என்றால் கல்லூரியின் பெயரைப் பார்த்து மயங்கிவிடுவார்கள். பப்ளிக் ஹெல்த் இளங்கலை முடித்தவர்கள் போகும் முக்கிய வேலைகளில் ஒன்று ஹெல்த் எஜுகேஷன் ஸ்பெஷலிஸ்ட். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023 கணக்கில் அதன் நடுத்தரச் சம்பளம் ஆண்டுக்கு 62,000 - 63,000 டாலர். கம்யூனிட்டி ஹெல்த் வொர்க்கர் வேலைக்கு இன்னும் குறைவு. பிள்ளைகள் கனவு காணும் எபிடெமியாலஜிஸ்ட் (நோய் பரவும் விதத்தை ஆராய்பவர்) வேலைக்கு மாஸ்டர்ஸ் இல்லாமல் வழியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது இந்தத் துறையில் மேலே போக நினைக்கும் பெரும்பாலானவர்கள் கடைசியில் எம்.பி.எச்., அதாவது பப்ளிக் ஹெல்த் மாஸ்டர்ஸ் படிக்கத்தான் போகிறார்கள்.

அந்த எம்.பி.எச்.சுக்குக் கடன் வாங்குவது இனி முன்போல இருக்காது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாக மாஸ்டர்ஸ் சேருகிறவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற கூடுதல் கடன் கிடையாது, சாதாரண மாஸ்டர்ஸ் படிப்புக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர்தான், மொத்தம் ஒரு லட்சம் டாலரோடு நிறுத்திக்கொள்வார்கள். பெற்றோர் பெயரில் வாங்கும் பேரண்ட் பிளஸ் கடனுக்கும் பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று கடிவாளம் போட்டாயிற்று. இளங்கலையிலேயே கையிருப்பைக் கரைத்துவிட்டால் எம்.பி.எச்.சுக்குத் தனியார் வங்கி வாசலில்தான் நிற்க வேண்டும். நாங்கள் தேடியபோது இந்தச் சட்டம் இல்லை, இருந்தாலும் இளங்கலையை மலிவாக முடித்து மாஸ்டர்ஸுக்குப் பணம் வைத்துக்கொள்வது என்று தெளிவாக இருந்தோம். சட்டம் வந்த பிறகு அந்த முடிவு இன்னும் சரியாகப் படுகிறது.

மலிவு சரி, தரத்தை எப்படிப் பார்ப்பது? இங்கேதான் ரொம்பப் பேர் தர வரிசைப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பத்திரிகைகள் போடும் பப்ளிக் ஹெல்த் தர வரிசையில் பெரும்பாலும் இருப்பது மாஸ்டர்ஸ் நடத்தும் பள்ளிகள், உங்கள் பிள்ளையின் இளங்கலை வகுப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. நாங்கள் பார்த்தது சி.இ.பி.எச். அங்கீகாரம், அதாவது கவுன்சில் ஆன் எஜுகேஷன் ஃபார் பப்ளிக் ஹெல்த். பல்கலைக்கழகம் முழுவதுக்கும் பொதுவான அங்கீகாரம் ஒன்று இருக்கும், கலிபோர்னியாவில் பெரும்பாலும் அதை வழங்குவது டபிள்யூ.எஸ்.சி.யு.சி. என்ற அமைப்பு. அந்தப் பொது அங்கீகாரம் இல்லாத இடத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள். சி.இ.பி.எச். அதற்கு மேலே, பப்ளிக் ஹெல்த் பாடத்திட்டத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்து வழங்குவது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு பல்கலைக்கழகத்தின் எம்.பி.எச்.சுக்கு அங்கீகாரம் இருக்கும், அதே வளாகத்தில் வேறொரு துறை நடத்தும் ஹெல்த் சயன்ஸ் இளங்கலைக்கு இருக்காது. விளம்பரத்தில் இரண்டையும் கலந்து எழுதியிருப்பார்கள். அதனால் கல்லூரியின் பக்கத்தை நம்பாமல் சி.இ.பி.எச். தளத்துக்கே போய்ப் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடி, அங்கீகாரம் எந்தப் பட்டங்களுக்கு என்று பாருங்கள். அங்கீகாரம் இல்லாத இளங்கலை எல்லாம் குப்பை என்று நான் சொல்ல மாட்டேன், பல நல்ல அரசுப் பல்கலைக்கழகங்கள் அதற்கு விண்ணப்பிப்பதே இல்லை. ஆனால் தனியார் இடம், அதிக விலை, அங்கீகாரமும் இல்லை என்று மூன்றும் சேர்ந்து வந்தால் ஓடிவிடுங்கள்.

ஓடுவது என்றதும் நினைவுக்கு வருகிறது. ஆன்லைனில் பப்ளிக் ஹெல்த் நடத்தும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் கட்டணம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள போன் நம்பர் கேட்டார்கள், கொடுத்தேன். அன்று சாயங்காலத்திலிருந்து அட்மிஷன் அட்வைசர் என்று ஒருவர் மாற்றி ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு யூனிட் (பாடங்களை அளக்கும் கணக்கு, பட்டத்துக்கு 120 வேண்டும்) எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது, "முதலில் விண்ணப்பத்தை முடித்துவிடுவோம், உதவித்தொகை பிறகு பேசலாம்" என்பார்கள். கடைசியில் ஒருவர் சொன்ன விலையை 120 யூனிட்டால் பெருக்கிப் பார்த்தேன், எங்கள் ஊர் அரசுப் பல்கலைக்கழகத்தைப் போலப் பல மடங்கு. சி.இ.பி.எச். உண்டா என்றதற்கு "நாங்கள் முழு அங்கீகாரம் பெற்றவர்கள்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டேன். கட்டணத்தைத் தளத்தில் வெளிப்படையாகப் போடாத இடத்துக்கு உங்கள் போன் நம்பர் எதற்கு?

நாங்கள் தேர்ந்தெடுத்த வழி இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜ் என்ற உள்ளூர் அரசுக் கல்லூரி, பிறகு இரண்டு வருடம் கால் ஸ்டேட் என்று எல்லோரும் சொல்லும் சி.எஸ்.யு., அதாவது கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி. கலிபோர்னியாவில் வசிப்பவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட் 46 டாலர். 60 யூனிட்டுக்கு 2,760 டாலர், ஒரு வருடத்துக்கு இல்லை, இரண்டு வருடத்துக்கும் சேர்த்து. வருமானம் குறைவாக இருந்தால் கலிபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட் அந்தப் பணத்தையும் தள்ளுபடி செய்துவிடும். டி ஆன்சா, ஃபூட்ஹில் மாதிரி, செமஸ்டருக்குப் பதில் வருடத்தைக் காலாண்டுகளாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறைக் கல்லூரிகளில் யூனிட்டுக்கு 31 டாலர் என்று பார்த்துவிட்டு அங்கே இன்னும் மலிவு என்று சிலர் கிளம்புகிறார்கள். குவார்ட்டர் யூனிட் அளவில் சின்னது, 90 யூனிட் எடுத்தால்தான் 60 செமஸ்டர் யூனிட்டுக்குச் சமம், கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒரே தொகைதான்.

கம்யூனிட்டி காலேஜ் என்றாலே நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். கோயிலில் பார்த்த ஒரு அம்மா "மார்க் கம்மியா?" என்று நேராகவே கேட்டார். இந்தத் துறையில் வேலை கொடுப்பது யார் என்று பாருங்கள், கவுண்டி சுகாதாரத் துறை, மருத்துவமனை, தொண்டு நிறுவனம். முதல் இரண்டு வருடம் எங்கே படித்தாய் என்று யாரும் கேட்கப்போவதில்லை, பட்டத்தில் கடைசியாக முடித்த பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும்.

ஆனால் இந்த வழியில் கோட்டை விட நிறைய இடம் உண்டு. தப்பான பாடங்களை எடுத்துவிட்டால் இரண்டு வருடம் மூன்றாகிவிடும், மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். இதற்கு அசிஸ்ட் என்ற தளம் இருக்கிறது, மாநிலத்தின் கம்யூனிட்டி காலேஜ்களுக்கும் யு.சி. (யுனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா), சி.எஸ்.யு. பல்கலைக்கழகங்களுக்கும் இடையிலான பாட ஒப்பந்தங்கள் எல்லாம் இதில் இருக்கும். எங்கள் காலேஜ், போக நினைக்கும் பல்கலைக்கழகம், மேஜர் (முக்கியப் பாடம்) மூன்றையும் கொடுத்தால் ஒரு பட்டியல் வரும். இடது பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம், வலது பக்கம் அதற்கு ஈடாக உங்கள் காலேஜில் எடுக்க வேண்டிய பாடம். சில வரிகளில் வலது பக்கம் காலியாக, ஈடான பாடம் இல்லை என்று மட்டும் இருக்கும். அந்த வரிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எங்கள் பட்டியலில் அப்படி ஒன்று வந்தது. ஆலோசகரிடம் காட்டியபோது, பக்கத்து ஊர்க் கம்யூனிட்டி காலேஜில் அதே பாடம் ஆன்லைனில் உண்டு, அங்கே அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பினால் போதும் என்றார். சட்டப்படி சரிதான், இரண்டு காலேஜிலும் ஒரே விலை.

அதோடு டிரான்ஸ்பருக்கென்றே ஒரு அசோசியேட் டிகிரி (இரண்டு வருடப் பட்டம்) இருக்கிறது, ஏ.டி.டி. என்பார்கள், பப்ளிக் ஹெல்த் சயன்ஸிலும் உண்டு. அதை முடித்தால் சி.எஸ்.யு. அமைப்பில் எங்காவது இடம் உறுதி, அங்கே இன்னும் 60 யூனிட்டில் பட்டத்தை முடிக்கலாம். எங்காவது என்ற சொல்லைக் கவனியுங்கள், நீங்கள் கேட்கும் வளாகத்தில் கிடைக்கும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. சான் ஹோசே ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட் இரண்டிலும் எல்லா மேஜருக்கும் போட்டி, ஜி.பி.ஏ. என்ற மதிப்பெண் சராசரி நன்றாக இருக்க வேண்டும். நாங்கள் சான் ஹோசேயை முதலாகவும் ஹேவர்டில் இருக்கும் ஈஸ்ட் பே வளாகத்தை மாற்றாகவும் வைத்து விண்ணப்பித்தோம். வளாகம் ஒன்றுக்கு விண்ணப்பக் கட்டணம் 70 டாலர், அதனால் ஆசைக்குப் பத்து இடம் போடாதீர்கள்.

சான் ஹோசே கிடைத்தது. அங்கே பப்ளிக் ஹெல்த் இளங்கலைக்கே சி.இ.பி.எச். அங்கீகாரம் இருக்கிறது, எங்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது. 2024-25-ல் சி.எஸ்.யு. டியூஷன் 6,084 டாலர், 2025-26-ல் 6,450. ஆண்டுக்கு 6 சதவீதம் ஏற்றுவது என்று 2024-லிருந்து ஐந்து வருடத்துக்கு முடிவு செய்திருக்கிறார்கள், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இது போக வளாகக் கட்டணம் தனி. கம்யூனிட்டி காலேஜையும் சேர்த்தால் நான்கு வருட டியூஷன் மட்டும் 15,300 டாலர் வாக்கில் முடிகிறது. அவள் வகுப்பில் படித்த ஒரு பையன் கிழக்குக் கடற்கரையில் தனியார் இடத்தில் சேர்ந்திருக்கிறான், அங்கே ஒரு செமஸ்டருக்கே இதைவிடக் கூட.

டியூஷனை விடப் பெரிய செலவு தங்குவது. வளாகத்து விடுதி வேண்டும் என்று மகள் அடம் பிடித்தாள், வயசு அப்படி, அவளைக் குறை சொல்ல முடியாது. வார்ம் ஸ்பிரிங்ஸில் பார்ட் ரயில் ஏறி பெர்ரியெஸாவில் இறங்கினால் 500-ஆம் நம்பர் பஸ் சான் ஹோசே டவுன்டவுனுக்குப் போகிறது என்று காட்டினேன். முறைத்தாள். அப்புறம் வாரத்தில் மூன்று நாள் மட்டும் வகுப்பு வருகிற மாதிரி அவளே அட்டவணை போட்டுக்கொண்டாள், வீட்டிலிருந்தே போய் வருகிறாள். புத்தகச் செலவுக்கு ஒரு வழி சொல்கிறேன். கம்யூனிட்டி காலேஜ் வகுப்புப் பட்டியலில் சில வகுப்புகளுக்குப் பக்கத்தில் இசட்.டி.சி. என்று ஒரு குறி இருக்கும், புத்தகத்துக்குப் பணமே வேண்டாம் என்று அர்த்தம். ஒரே பாடத்தை மூன்று பேராசிரியர்கள் எடுத்தால் அந்தக் குறி இருப்பவரின் வகுப்பு சீக்கிரம் நிரம்பிவிடும், பதிவு திறந்தவுடன் உட்கார வேண்டும்.

உதவித்தொகை பற்றி. "எங்களுக்கு எங்கே கிடைக்கப்போகுது" என்று ஃபாஃப்சா என்ற மத்திய அரசின் கல்வி உதவி விண்ணப்பத்தையே போடாத குடும்பங்கள் நம்மில் ஏராளம். வருமானம் குறைந்தவர்களுக்கான பெல் கிராண்ட் எங்களுக்கும் கிடைக்கவில்லை. ஆனால் கலிபோர்னியாவில் மிடில் கிளாஸ் ஸ்காலர்ஷிப் என்று ஒன்று யு.சி., சி.எஸ்.யு. மாணவர்களுக்கு உண்டு, அதன் வருமான வரம்பு இரண்டு லட்சம் டாலரையும் தாண்டுகிறது. தனி விண்ணப்பம் கிடையாது, மார்ச் 2-க்குள் ஃபாஃப்சா போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஃபாஃப்சாவுக்குப் பொதுவாகக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். எச்-4-இல், அதாவது பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்து இருக்கும் பிள்ளைகளுக்கு ஃபாஃப்சா கிடையாது, ஆனால் உள்மாநிலக் கட்டணத்துக்கு வாய்ப்பு இருக்கிறது, கல்லூரியின் ரெசிடென்சி அலுவலகத்தில் கேட்டுப் பதிலை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கி வையுங்கள்.

வேறு எதையும் பார்க்கவில்லையா என்றால், பார்த்தோம். யு.சி. இர்வைனில் பப்ளிக் ஹெல்த் நன்றாக இருக்கிறது, கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு டாக் என்ற உறுதிச் சேர்க்கையும் அங்கே உண்டு. டியூஷன் 15,000 டாலரைத் தொட்டது, இர்வைன் வாடகை அதற்கு மேல். குடும்ப வருமானம் குறைவாக இருந்தால் யு.சி.யின் புளூ அண்ட் கோல்ட் திட்டம் டியூஷனை முழுவதும் பார்த்துக்கொள்ளும், அப்போது யு.சி.தான் மலிவு, கணக்கே தலைகீழ். ரீனோவில் இருக்கும் நெவாடா பல்கலைக்கழகத்தையும் யோசித்தோம். மேற்கு மாநிலங்களுக்குள் டபிள்யூ.யு.இ. என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது, பக்கத்து மாநிலப் பிள்ளைக்கு உள்ளூர்க் கட்டணத்தைப் போல அதிகபட்சம் ஒன்றரை மடங்குதான். வாஷிங்டன், ஆரிகன் பக்கம் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

சேர்ந்த பிறகு பாடத் தேர்வில் பெற்றோர் தலையிடக்கூடாது என்பார்கள், நான் ஒரு விஷயத்தில் தலையிட்டேன். புள்ளியியல் கட்டாயத்துக்கு ஒன்று போதும் என்று நிறுத்தாமல் இன்னொன்று எடுக்கச் சொன்னேன், அதோடு தரவை அலசும் ஆர் என்ற மென்பொருளும். இந்தப் படிப்பில் ஆர்வமும் அக்கறையும் உள்ளவர்கள் நிறைய, தரவைக் கையில் கொடுத்தால் அட்டவணை போடத் தெரிந்தவர்கள் குறைவு. இன்டர்ன்ஷிப்பில் அவளுக்குக் கொடுத்த முதல் வேலையே தடுப்பூசி முகாம்களுக்கு வந்தவர்களின் பதிவுகளைச் சுத்தம் செய்வது. ஒரே ஆளின் பெயர் மூன்று எழுத்துக்கூட்டலில், பிறந்த தேதி வேண்டிய இடத்தில் முகாம் நடந்த தேதி, பின்கோடில் ஒரு எண் குறைவு. ஒரு வாரம் அதைத்தான் செய்தாள், அதைப் பார்த்துத்தான் அடுத்த செமஸ்டரும் வரச் சொன்னார்கள்.

சேர்வதற்கு முன் துறையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இன்டர்ன்ஷிப் இடத்தை நீங்கள் ஏற்பாடு செய்து தருவீர்களா, மாணவரே தேட வேண்டுமா? போன வருடம் எங்கெங்கே போனார்கள்? கவுண்டியின் பெயர், மருத்துவமனையின் பெயர் என்று டக்கென்று பதில் வந்தால் நல்ல துறை. பொதுவாக மழுப்பினால் யோசியுங்கள். ஹெல்த் எஜுகேஷன் வேலைக்கான சி.எச்.இ.எஸ். சான்றிதழ்த் தேர்வு எழுத நினைப்பவர்கள் ஹெல்த் எஜுகேஷன் சார்ந்த பாடங்கள் 25 செமஸ்டர் யூனிட் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், தேர்வு ஏப்ரலிலும் அக்டோபரிலும் நடக்கும். சித்தப்பா மாதிரி ஹோட்டல் சோதனை, தண்ணீர்ச் சோதனை என்று போக ஆசையா, இங்கே அதற்கு ஆர்.இ.எச்.எஸ். என்று தனிப் பதிவு, அதற்கு வேதியியல், இயற்பியல், நுண்ணுயிரியல் என்று அறிவியல் பாடங்கள் நிறைய வேண்டும், பப்ளிக் ஹெல்த் பட்டம் மட்டும் போதாமல் போகலாம். முதல் வருடத்திலேயே முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

வேலை நிலவரத்தையும் மறைக்க விரும்பவில்லை. 2025 மார்ச்சில் மத்திய சுகாதாரத் துறையில் 10,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தார்கள், மாநிலங்களுக்கும் கவுண்டிகளுக்கும் வந்துகொண்டிருந்த பணமும் வெட்டுப்பட்டது. அனுபவம் உள்ளவர்களே வேலை தேடும்போது புதிதாக வருபவர்களுக்கு இடம் கிடைப்பது சிரமம்தான். கடன் இல்லாத பிள்ளை 50,000 டாலர் சம்பளத்திலும் ஆரம்பிக்கலாம், ஆறு மாதம் காத்திருக்கவும் செய்யலாம். தலைமேல் 80,000 கடன் இருந்தால் கிடைத்த வேலைக்கு ஓட வேண்டும்.

ஊரிலிருந்து நாத்தனார் பையன் கேட்டான், "அத்தை, நானும் அங்க வந்து பப்ளிக் ஹெல்த் படிக்கட்டுமா?" வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெளிநாட்டு மாணவருக்கு இந்த 46 டாலர் கணக்கெல்லாம் கிடையாது, வீட்டை அடமானம் வைத்து வந்து 60,000 டாலர் சம்பளத்துக்கு விசாவோடு போராடுவதற்கு இது ஏற்ற படிப்பு இல்லை. ஊரிலேயே புள்ளியியலோ நர்சிங்கோ சோஷியல் வொர்க்கோ இளங்கலை முடித்துவிட்டு எம்.பி.எச். பார்க்கச் சொன்னேன். புதுச்சேரி ஜிப்மர், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், சென்னையில் ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமான என்.ஐ.இ. என்று நல்ல அரசு இடங்கள் இருக்கின்றன, எதில் எந்த இளங்கலையை ஏற்கிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும், அதைப் பார்த்துவிட்டு இளங்கலையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறேன். இப்போது புள்ளியியல் சேர்ந்திருக்கிறான்.

மகளுக்கு இது கடைசி வருடம். கவுண்டி வேலைகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறாள், இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு எம்.பி.எச். என்பது திட்டம், அதற்கு ஒதுக்கி வைத்த பணம் அப்படியே இருக்கிறது. கவுண்டி வேலை தேடுபவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், அறிவிப்பில் பப்ளிக் ஹெல்த் என்ற பெயரை மட்டும் தேடினால் பாதி வேலைகள் கண்ணில் படாது. ஹெல்த் எஜுகேட்டர், புரோகிராம் ஸ்பெஷலிஸ்ட், அவுட்ரீச் வொர்க்கர், டேட்டா அனலிஸ்ட் என்று பல பெயர்களில் வரும், சில அறிவிப்புகள் பத்து நாளிலேயே மூடிவிடும்.